நரையில்லா முதுமையும் பிசிராந்தையார் தந்த விடையும்

உடம்பு நிலையில்லாதது என்று இடைவிடாமல் கற்பிக்கும் ஒரு சமய மரபு, அதே உடம்பை முதுமையிலும் தளராமல் பேணுமாறு ஏன் வற்புறுத்த வேண்டும் என்பது தமிழ் அறநூல்களைத் தொடர்ந்து பயில்வோர் எவரும் எதிர்கொள்ளும் கேள்வியாகும். 'யாக்கை' என்ற சொல்லே எலும்பும் தசையும் நரம்பும் கொண்டு யாக்கப்பட்டது, அதாவது கட்டப்பட்டது, என்று பொருள்படுவதால், கட்டியது ஒரு நாள் அவிழும் என்ற குறிப்பு அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. திருக்குறள் துறவறவியலில் 34ஆம் அதிகாரமாக நிலையாமையை வைத்துவிட்டு, பொருட்பாலில் கள்ளுண்ணாமை, சூது ஆகியவற்றை அடுத்து 95ஆம் அதிகாரமாக மருந்தை வைக்கிறது. உடம்பு ஒழியும் என்று அறிந்த அதே நூல், உடம்பைப் பெற்றவன் அதை நெடுநாள் செலுத்துவதற்குரிய வழியையும் கூறுகிறது என்றால், இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றனவா, அல்லது ஒன்றை மற்றொன்று தாங்குகிறதா என்று ஆராய்வது கடமையாகிறது.

மதுரையில் இக்கேள்வி ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. விடியற்காலையில் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலின் ஆடி வீதிகளையும் மதிலுக்கு வெளியே சித்திரை வீதிகளையும் சுற்றி வரும் முதியோரையும், பௌர்ணமி நாளில் திருப்பரங்குன்றத்தைக் கிரிவலம் வருவோரையும் பார்ப்பவர், அவர்கள் செய்வது வழிபாடா, மருத்துவர் சொன்ன நடைப்பயிற்சியா என்று பிரித்துச் சொல்ல இயலாது. அப்படிப் பிரிக்க வேண்டும் என்ற எண்ணமே நடப்பவர்களுள் பலருக்கும் தோன்றியிருக்காது. 65 வயதைக் கடந்தோர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்களேனும் மிதமான உடலுழைப்பை மேற்கொள்ள வேண்டும் என்றும், விழாமல் நிற்பதற்கான சமநிலைப் பயிற்சியையும் தசைப் பயிற்சியையும் வாரம் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. படியேறி இறங்குதல், தரையில் அமர்ந்து எழுதல், வலம் வருதல் என்று கோயிலுக்குச் செல்வோரின் உடல் நாள்தோறும் செய்துவந்த செயல்கள் இந்தக் கணக்கை அறியாமலேயே அதன் பெரும்பகுதியை நிறைவேற்றி வந்தன.

கேள்வியை மேலும் கடினமாக்குவது வினைக்கொள்கை. முற்பிறப்பில் செய்தவற்றின் பயனை நுகர்ந்தே தீர வேண்டும் என்பது அக்கொள்கை. நோயும் அவ்வாறு நுகர வேண்டிய பயன்தான் என்றால், அளவறிந்து உண்பதாலும் நாள்தோறும் நடப்பதாலும் ஆவது என்ன? மருந்து அதிகாரத்துக்கு எழுதிய முன்னுரையில் பரிமேலழகர் இதற்கு நேராகவே விடை காண்கிறார். நோய் பழவினையாலும் வரும், பிற காரணங்களாலும் வரும் என்று இரண்டாகப் பகுக்கும் அவர், பழவினையால் வருவது அவ்வினை கழிந்தாலன்றித் தீராது என்பதால் அதை ஒதுக்கிவைத்து, உணவும் செயலும் உடம்போடு ஒவ்வாமையால் வரும் நோய்களுக்கே இவ்வதிகாரம் மருந்து கூறுகிறது என்று எல்லை வகுக்கிறார். வினையை நம்பிய உரைகாரர் ஒருவர், மனிதன் தன் பழக்கத்தால் வருவித்துக்கொள்ளும் நோயை வினையின் தலையில் ஏற்றக்கூடாது என்று வரைந்த இக்கோடு தமிழ்ச் சிந்தனை வரலாற்றில் உரிய அளவு போற்றப்படவில்லை. சர்க்கரை நோயையும் இரத்த அழுத்தத்தையும் தலையெழுத்து என்று சொல்லி மாத்திரையையும் நடையையும் கைவிடுகிற முதியவருக்கு, அவர் நம்பும் மரபிலிருந்தே எடுத்துச் சொல்லத்தக்க விடை இது.

முதுமை குறித்து இன்றைய மருத்துவம் கூறுவதும் ஏறத்தாழ இப்பகுப்பை ஒட்டியே செல்கிறது. நடுவயதுக்குப் பின் தசையின் திரளும் வலிமையும் மெல்லக் குறைதல், கண்ணின் வில்லை மங்கிக் கண்புரை தோன்றுதல், தாக உணர்வு தணிதல் ஆகியவை ஓரளவுக்கு எவராலும் தவிர்க்க இயலாதவை. ஆனால் அக்குறைவின் வேகம் உழைப்பாலும் உணவாலும் பெரிதும் மாறுகிறது. உட்கார்ந்தே இருப்பவரின் தசை விரைந்து தேய்கிறது, எடை தூக்கியும் நடந்தும் பழகியவரின் தசை எழுபதிலும் எண்பதிலும்கூட வலுப்பெறும் இயல்பை இழப்பதில்லை.

மருந்து அதிகாரத்தின் பத்துக் குறள்களுள் ஆறு உண்பதைப் பற்றியவை என்பதும், அவற்றின் மையச் சொல் 'அளவு' என்பதும் கவனத்துக்குரியவை. முன் உண்டது செரித்ததை அறிந்து, நன்றாகப் பசித்த பின், உடம்பின் தீ ஏற்கும் அளவே உண்ண வேண்டும் என்பது அவற்றின் திரண்ட கருத்து. இங்கே 'தீ' என்பது வயிற்றில் உணவைச் செரிக்கச் செய்யும் ஆற்றல். அது வயதுக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறுவது. இரவெல்லாம் உணவுக்கடைகள் திறந்திருக்கும் தூங்கா நகரமாகிய மதுரையைச் சுற்றியே, பொழுது சாய்ந்தபின் எதையும் உண்ணாத சமணத் துறவியர் வாழ்ந்தனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. மாங்குளம், அரிட்டாபட்டி, யானைமலை, அழகர்மலை, திருப்பரங்குன்றம் எனச் சூழ்ந்த குன்றுகளில் அவர்களுக்கு வெட்டித் தரப்பட்ட கற்படுக்கைகளும், கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளில் தொடங்கும் தமிழி எழுத்துக் கல்வெட்டுகளும் இன்றும் இருக்கின்றன. இரவுண்ணாமை நோன்பின் காரணம் உடல்நலம் அன்று; விளக்கொளியில் சிற்றுயிர்கள் உணவில் விழுந்து மடியும் என்ற அருளுணர்வே அதன் அடிப்படை. நலத்துக்கான அறிவுரையாக அதை மாற்றிச் சொல்வது அந்நோன்பைச் சிறுமைப்படுத்துவதாகும். ஆயினும், பிற உயிரை எண்ணி ஏற்ற கட்டுப்பாடு உண்பவரின் உடம்புக்கும் இதமாக அமைந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

சமணர் தானங்களை உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி என நான்காக வகுத்தபோது, மருந்தையும் கல்வியையும் ஒரே வரிசையில் நிறுத்தினர். இந்த உறவே அறநூல்களின் பெயர்களிலும் தெரிகிறது. சுக்கு, மிளகு, திப்பிலி என்ற மூன்றின் கூட்டாகிய திரிகடுகமும், ஐந்து சிறு வேர்களால் ஆன சிறுபஞ்சமூலமும், ஏலம் முதலிய ஆறு பொருள்கள் சேர்ந்த ஏலாதியும் மருந்துகளின் பெயர்கள். அம்மருந்துகள் உடம்பின் பிணியைத் தீர்ப்பதுபோல் மனத்தின் பிணியைத் தீர்ப்பவை என்ற கருத்தில் மூன்று நீதிநூல்கள் அப்பெயர்களைப் பெற்றன. சிறுபஞ்சமூலம் இயற்றிய காரியாசானும் ஏலாதி இயற்றிய கணிமேதாவியாரும் மதுரைத் தமிழாசிரியர் மாக்காயனாரின் மாணவர்கள் என்று மரபு கூறும்.

சைவத்தில் உடம்பைப் பற்றிய தெளிவான மனமாற்றம் திருமூலரிடம் காணப்படுகிறது. ஒரு காலத்தில் உடம்பை இழிந்ததாகக் கருதிய தாம், இறைவன் அதனுள்ளே உறைவதை உணர்ந்த பிறகு அதைப் பேணத் தொடங்கியதாகத் திருமந்திரத்தில் அவர் உரைக்கிறார். கோயிலைப் பெருக்கி மெழுகுவது கோயிலின் புறச்சுவர் நிலைத்திருக்கும் என்பதற்காக அன்று, உள்ளே இருப்பவருக்காக என்ற கருத்தை வைத்துப் பார்த்தால், நிலையாமையும் உடலோம்பலும் முரண்படவில்லை என்பது விளங்கும். சித்தர் மரபு இதிலிருந்து ஒரு படி மேலே சென்று, நரை, திரை, மூப்பு ஆகியவற்றையே தடுக்கும் காயகற்பத்தை, அதாவது உடம்பைக் கல்போல் உறுதியாக்குவதாகக் கருதப்பட்ட மருந்து முறையை, நாடியது. மதுரைக் கோயிலில் சுவாமி சன்னதித் திருச்சுற்றில் கோயில் கொண்டுள்ள எல்லாம் வல்ல சித்தர் முதியோரை இளைஞராக்கியதாகத் திருவிளையாடற் புராணம் பாடுகிறது. ஆனால் அதே புராணத்தில் விருத்த குமார பாலரான படலமும் உண்டு. அதில் சிவபெருமான் தம்மை வழிபடும் பெண்ணொருத்தியின் வீட்டுக்கு முதலில் கிழவராக வந்து அமுதுண்டு, பின் இளைஞராகவும் குழந்தையாகவும் ஆகிறார். இறைவன் விரும்பி ஏற்ற வடிவங்களுள் முதுமையும் ஒன்று என்றால், முதுமையை நீக்க வேண்டிய பிழையாகக் காண்பது பொருந்தாது. இளமையைத் திரும்பப் பெறும் ஆசையைவிட முதுமையைத் தகுதியோடு வாழும் வழியே ஆழமான கேள்வி என்பதில் ஐயமில்லை.

அக்கேள்விக்குப் பாண்டிய நாடு தந்த மிகப் பழைய விடை புறநானூற்றின் 191ஆம் பாட்டில் இருக்கிறது. பிசிர் என்னும் ஊரைச் சேர்ந்த ஆந்தையார், நேரில் கண்டறியாத நண்பராகிய கோப்பெருஞ்சோழனை நாடிச் சோழநாட்டுக்குச் சென்றபோது, அங்கிருந்த சான்றோர் அவரைப் பல ஆண்டுகளாகக் கேள்விப்பட்டிருந்தும் தலையில் நரை காணாமல் வியந்து காரணம் வினவினர். அவர் சொன்ன காரணங்களில் உணவு இல்லை, மருந்து இல்லை, பயிற்சி இல்லை. மனைவி மாண்புடையவர், மக்கள் அறிவு நிரம்பியவர், ஏவலர் தாம் கருதியதையே கருதுபவர், அரசன் தகாதன செய்யாமல் காப்பவன், இவை எல்லாவற்றுக்கும் மேலாகப் புலனடங்கிய கொள்கையுடைய சான்றோர் பலர் தம் ஊரில் வாழ்கின்றனர் என்றார். கவலை இன்மையே இளமை என்று இப்பாட்டைச் சுருக்கிவிடுவது வழக்கம், அச்சுருக்கம் போதாது. ஐந்து காரணங்களும் ஒருவர் தனியாக முயன்று அடையக்கூடியவை அல்ல. வீட்டிலிருந்து அரசுக்கும், அரசிலிருந்து ஊருக்கும் விரிந்து செல்லும் வட்டங்கள் அவை. ஒருவரின் தலைமுடி அவர் வாழும் ஊரைப் பொறுத்தது என்று சொல்லும் துணிவு இப்பாட்டில் இருக்கிறது.

இதைச் சொன்னவர் அரசனை வாளா புகழ்ந்தவரும் அல்லர். பாண்டியன் அறிவுடைநம்பிக்கு வரி வாங்கும் முறையை உரைத்த 184ஆம் பாட்டும் அவருடையதே. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கித் தந்தால் சிறு நிலத்தின் விளைச்சலும் யானைக்குப் பல நாள் வரும். யானை தானே வயலில் புகுந்தால் அது உண்பதைவிட மிதித்து அழிப்பதே மிகுதி என்று அதில் அவர் விளக்குகிறார். வயிற்றுக்கு வள்ளுவர் விதித்த அளவை அரண்மனைக்கு விதித்தவர் பிசிராந்தையார். அளவு மீறிய அரசின்கீழ் எந்தக் குடிமகனும் நரையின்றி முதிர இயலாது என்பதை அவர் அறிந்திருந்ததாலேயே, நரையின்மைக்கான காரணங்களுள் அரசையும் சேர்த்தார் என்று கொள்வது பொருந்தும்.

இந்த அளவுகோலை இன்றைய மதுரைக்கும் அதைச் சூழ்ந்த சமவெளி ஊர்களுக்கும் பொருத்திப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கச் சென்றபின் தனித்திருக்கும் முதியவரிடம், கம்பும் கேழ்வரகும் உண்ணுங்கள், மாலையில் நடங்கள் என்று மட்டும் சொல்வது பாதி அறிவுரையே. சமைத்துப் பகிர்ந்துண்ண ஆளில்லாத வீட்டில் உணவு முறை எதுவும் நெடுநாள் நிற்பதில்லை. இதன் மிகக் கொடிய எல்லை தலைக்கூத்தல் என்னும் வழக்கம். விருதுநகர் மாவட்டத்திலும் அதை அடுத்த தென்மாவட்டப் பகுதிகளிலும் படுக்கையில் விழுந்த முதியோரை எண்ணெய் முழுக்காட்டி மடியச் செய்யும் இவ்வழக்கம் 2010இல் நாளிதழ்கள் வழியே பரவலாக வெளிச்சத்துக்கு வந்தது. உடலோம்பலின் அடையாளமாகத் தலைமுறைதோறும் கைமாறி வந்த எண்ணெய்க் குளியலே கொலைக்கருவியானது என்றால், பழக்கம் எவ்வளவு நல்லதாயினும் அதைச் சூழ்ந்த அன்பு வற்றியபின் அது நல்லதாக நிற்பதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. பெற்றோரையும் மூத்த குடிமக்களையும் பராமரிப்பதற்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைகளின் கடமையைச் சட்டக் கடமையாக்கியது; சான்றோர் பலர் வாழும் ஊரை எந்தச் சட்டமும் ஆக்கித் தர இயலாது.

அத்தகைய ஊரை ஆக்குவதில் முதியோருக்கே பங்கு உண்டு என்பதை மதுரை கண்டிருக்கிறது. வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி, இளமையில் தாக்கிய முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் அறுவைக் கருவியைப் பிடிக்கக் கைகளைப் பழக்கிக்கொண்டவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 1976இல், ஸ்ரீ அரவிந்தரின் பெயரால் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கி, 2006இல் மறையும் வரை அதன் உயிராக விளங்கினார். முதுமையின் குறையாகிய கண்புரையால் பார்வை இழந்த எளியோருக்கு முதுமையை எட்டிக்கொண்டிருந்த ஒருவரே ஒளி தந்தார். உடம்பு துறக்க வேண்டிய சுமை அன்று, தெய்வப் பணிக்குரிய கருவி என்று கற்பித்த அரவிந்தரின் நெறி, கோணிய விரல்களையும் கருவியாகக் காணும் பார்வையை அவருக்குத் தந்திருக்க வேண்டும்.

பிசிராந்தையாரின் நரையில்லாத உடம்பும் ஒரு பணிக்காகவே காத்திருந்தது. தம் மக்களோடு ஏற்பட்ட பகையால் கோப்பெருஞ்சோழன் வடக்கிருக்கத் துணிந்தான். வடக்கிருத்தல் என்பது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணா நோன்பால் உயிர் துறத்தல். பிறர் முடிவு செய்து முதியோர்மேல் சுமத்தும் சாவுக்கும், அக்காலத்து மாந்தர் தாமே தெளிந்து ஏற்ற இந்நோன்புக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. பாண்டிய நாட்டுத் தொலைவூரிலிருந்து அந்த முதியவர் வரமாட்டார் என்று சான்றோர் கருதியபோதும், அவருக்கும் ஓர் இடம் ஒதுக்குமாறு சோழன் கூறினான். ஆந்தையார் அவ்வளவு வழியையும் கடந்து வந்து சேர்ந்தார். அவரும் அங்கேயே வடக்கிருந்தார்.