40,000 ரூபாய்க் கிணறு

2019 ஏப்ரல் 4ஆம் திகதி இலங்கையின் உயர் நீதிமன்றம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுன்னாகத்துக் கிணறுகளுக்கு ஒரு விலை சொன்னது. அங்கே அனல் மின் நிலையம் நடத்திய நொர்தேர்ன் பவர் கம்பனிக்கு நிலத்தடி நீரை மாசுபடுத்தியதில் பங்கு உண்டு என்று கண்டு, பாதிக்கப்பட்ட குடியிருப்பாளர்களுக்கு இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஒருவருக்குக் கிடைக்கக்கூடியது ஆகக்கூடினால் 40,000 ரூபாய். மாசுபடுத்தியவரே செலவைச் சுமக்கவேண்டும் என்ற கோட்பாட்டை ஏட்டிலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்த தீர்ப்பு அது. அந்தக் காசில் ஒரு கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கலாம். மறுநாள் ஊறி வருவது என்ன தண்ணீர் என்பது வேறு கேள்வி.

சுன்னாகம் அடங்கிய வலிகாமத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறு மாரியோடு சரி. பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியில் உள்ள உவர்நீரின்மேல் நன்னீராகத் தங்குகிறது. குடிப்பது, குளிப்பது, தோட்டத்துக்கு இறைப்பது எல்லாம் அதிலிருந்துதான். மேலே வேலியும் எல்லைக் கல்லும் உண்டு, உன் கிணறு என் கிணறு என்ற வழக்கும் உண்டு. கீழே ஒரே தண்ணீர்.

மின் நிலையம் வந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. போரில் தேசிய மின்வலையமைப்பிலிருந்து அறுந்துபோன குடாநாடு அது. குப்பி விளக்கில் படித்து வளர்ந்த தலைமுறையிடம் போய் மின்சாரம் ஏன் என்று கேட்க யாருக்கும் வாய் வராது. தனியாரிடம் மின்சாரம் வாங்கலாம் என்ற கொள்கையும் குற்றமில்லை. ஆனால் வாங்குவதில் காட்டிய அவசரத்தில் பாதியையாவது கண்காணிப்பதில் காட்டியிருக்கவேண்டும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை சோதித்த 150 கிணறுகளில் 109இல் எண்ணெய் அளவுக்கு மிஞ்சி இருந்தது. அள்ளிய வாளியில் எண்ணெய் மினுங்கியது, மணத்தது. சொந்தக் கிணறு முற்றத்தில் இருக்க, பவுசர் எப்போது வரும் என்று கலன்களோடு சந்தியில் காத்து நிற்கும் நிலை வந்தது.

சுன்னாகம் வரைக்கும் நியாயம் ஓரளவு எளிது. லாபம் ஓரிடத்தில், நட்டம் இன்னோரிடத்தில்; குற்றவாளியைத் தேடிப்போக வழி இருந்தது. சிக்கல் நைத்திரேற்றில் தொடங்குகிறது.

உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்றுக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பல அதைத் தாண்டுவதை ஆய்வுகள் பல ஆண்டுகளாகக் காட்டிவருகின்றன. கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் சுமக்கும் திறனை அது குறைத்துவிடும். அது வருவது வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மிளகாய்க்கும் போடும் யூரியாவிலிருந்து. கிணற்றை நெருங்கி வெட்டிய மலகூடக் குழிகளிலிருந்தும்தான். இங்கே கம்பனி இல்லை. மாசுபடுத்தியவரும் அதைக் குடிப்பவரும் பெரும்பாலும் ஒரே வீட்டுக்காரர்.

அவரை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தது எது? துலா மிதித்த காலத்தில் தண்ணீர் இறைப்பதற்கு, மிதிக்க ஆள், பட்டை பிடிக்க ஆள், பாத்திக்குத் தண்ணீர் மாற ஆள் என்று வேண்டும். உடம்பு களைக்கும் அளவே இறைப்பின் அளவாக இருந்தது. இறைக்கும் மெஷின் வந்தபின் அந்த எல்லை போயிற்று. 1962இல் உர மானியம் தொடங்கியது. 1970களின் முற்பகுதியில் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு வெங்காயம், மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்த, யாழ்ப்பாணத் தோட்டங்கள் நாட்டுக்கே சந்தைப் பயிர் கொடுத்தன. கல்வீடுகள் எழுந்தன. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரம் வந்து அந்த விலையை உடைத்தது. விலை விழுந்தால் விவசாயி செய்யக்கூடியது ஒன்றுதான்: அதே துண்டு நிலத்தில் இன்னும் விளைவிப்பது. அதற்கு இன்னும் உரம், இன்னும் தண்ணீர். இரண்டு கொள்கைகளும் கொழும்பில் எதிரெதிர். செம்பாட்டு மண்ணுக்குள் இரண்டும் ஒரே திசையில்தான் இறங்கின.

ஆகவே மாசுபடுத்தியவர் கொடுக்கட்டும் என்ற அளவுகோலைத் தோட்டக்காரரிடம் அப்படியே நீட்டுவது நியாயமாகாது. கம்பனிக்கு வேறு வழி இருந்தது, அவருக்கு இருந்ததா? அதற்காக அவர் கை சுத்தம் என்றும் விட்டுவிட முடியாது, ஏனென்றால் அயல் வீட்டுக் குழந்தை அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. தெரிந்தபின்னும் அளவுக்கு மீறி வீசும் ஒவ்வொரு பை உரத்துக்கும் அவருக்குப் பொறுப்பு உண்டு. பொறுப்பில் பெரிய பங்கு, தெரிந்தும் கிணறு கிணறாகச் சோதித்துச் சொல்லாத அரசுக்கு.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே வீச்சில் தடைசெய்யப்பட்டபோது காரணமாகச் சொல்லப்பட்டதும் மக்களின் நலம்தான். நிலத்தடி நீருக்கு அது நல்லதாகவும் இருந்திருக்கலாம். ஆனால் மாற்று உரம் போதிய அளவு கைக்கு வரவில்லை, விளைச்சல் விழுந்தால் யார் ஈடுசெய்வது என்ற கணக்கும் தெளிவாக இல்லை. நவம்பருக்குள் தடை தளர்ந்தது. சூழலின் பெயரில் எடுத்த முடிவின் செலவு முழுவதையும் மிகச் சிறியவன் தலையில் ஏற்றியது அது. அதனால் நேர்ந்த இன்னொரு நட்டம், உரத்தைக் குறைக்கச் சொல்லும் நியாயமான குரலையும் இன்று விவசாயி சந்தேகத்தோடு கேட்பது.

கெட்ட தண்ணீருக்கு மாற்று எங்கே என்ற தேடல் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துக்குப் போனது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு அங்கிருந்து குடாநாட்டுக்குக் குழாய் போடும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். யாழ்ப்பாணத்தில் சிலர் அதைத் தன்னலம் என்றார்கள். அப்படிச் சொல்வது எளிது. சிறுபோகத்துக்குத் தண்ணீர் போதாமல் வயலைத் தரிசு போடும் வன்னி விவசாயியிடம், ‘எங்கள் கிணறுகள் கெட்டுவிட்டன, உங்கள் குளத்தைத் தாருங்கள்’ என்று கேட்பவர், கிணறுகள் எப்படிக் கெட்டன என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டாமா?

கடைசியில் கடலிடமே கேட்டார்கள். குடாநாட்டின் கடற்கரை ஊரான தாளையடியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நன்னீர் எடுக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. கடல்நீரிலிருந்து உப்பை நீக்க மின்சாரம் நிறையச் செலவாகும். மழை சும்மா கொடுத்ததற்கு இனிக் கட்டணச் சிட்டை வரும். குழாய் வந்துவிட்டது என்று கிணறுகளைச் சோதிப்பதை நிறுத்திவிட்டால், சிட்டையைக் கட்ட முடியாத வீடுகள் பழைய கிணற்றையே நம்பியிருக்கும். அந்த வீடுகளின் கிணற்றுச் சோதனை முடிவுகளைப் பிரதேச சபை அறிவிப்புப் பலகையில் மாதாமாதம் ஒட்டுவதற்கு ஆய்வுகூடச் செலவும் ஒரு கடதாசியும் போதும்.