தராசு சமமா நின்றா?

அமெரிக்காவில் முன்னாள் ராணுவ வீரரின் ஊன உதவித்தொகை மனு மறுக்கப்பட்டால், மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். சாதாரண சிவில் வழக்கில் ஆதாரம் சமமா நின்றா, வழக்கு போட்டவர் தோற்பார். இங்கே வீரர் ஜெயிப்பார்; சட்டமே அப்படி.

இது இரக்கம்னு சிலர் சொல்வாங்க. எனக்கு இது கடனாத்தான் படுது. கர்ணனைச் சொல்லியே செஞ்சோற்றுக் கடன் பேசுறோம். சோறு போட்டவனுக்குக் கடன் இல்லையா? போருக்கு அனுப்பியது அரசு, காயத்தைப் பதிவு செய்து வைத்ததும் அரசு. 1973-ல் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்து, சுமார் 1.6 கோடியிலிருந்து 1.8 கோடி வரையான கோப்புகள் அழிந்தன. கடன்பட்டவன் கணக்குப் புத்தகத்தைத் தொலைச்சா நஷ்டம் யாருக்கு?

ஆனாலும் கோப்பு எரிஞ்சதுன்னா மட்டும் தொகை வராது. கூட இருந்தவரின் சாட்சி, பழைய கடிதம், மருத்துவர் கருத்து என்று ஏதாவது தராசைச் சமத்துக்காவது கொண்டுவரணும். கூட்டாளிகள் எல்லாரும் இறந்துபோன கிழவர் எதை வைப்பார்?