விருந்தும் கட்டணமும்: அல்பேனியா எழுப்பும் ஓர் அறக்கேள்வி

அந்நியனுக்குக் கதவைத் திறப்பது இறைவனுக்குச் செலுத்தும் கடனா, அல்லது மனிதனுக்கு மனிதன் ஆற்றும் கடமையா என்பது சமயத் தத்துவத்தின் பழைய கேள்விகளுள் ஒன்று. ஆபிரகாமின் கூடாரத்துக்கு வந்த முன்பின் அறியாத விருந்தினர் இறைத்தூதர்களாயிருந்த கதையை விவிலியமும் திருக்குர்ஆனும் போற்றுவதால், யூத, கிறித்தவ, இஸ்லாமிய மரபுகள் மூன்றிலும் விருந்தோம்பல் வழிபாட்டுக்கு இணையான செயலாயிற்று. இம்மானுவேல் கான்ட் 1795இல் நிலைத்த அமைதியைப் பற்றி எழுதிய நூலில், அயல்நாட்டுக்குச் செல்பவன் பகைவனாக நடத்தப்படாதிருக்கும் உரிமையை மட்டுமே ஏற்றுக்கொண்டு, பிறர் வீட்டில் விருந்தினனாகத் தங்கும் உரிமை அவனுக்கு இல்லை என்று வரையறுத்தார். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ழாக் தெரிதா, நிபந்தனையற்ற விருந்தோம்பலே உண்மையான விருந்தோம்பல் என்றும், நடைமுறையில் நிபந்தனையின்றி எவராலும் விருந்தோம்ப இயலாது என்றும் ஒருசேர வாதிட்டார். கட்டணம் செலுத்தித் தங்கும் சுற்றுலாப் பயணி இந்த வாதங்களில் எங்கு நிற்கிறான் என்பதை ஆராய, கிரேக்கத்துக்கும் குரோவேசியாவுக்கும் செல்வோர் நெடுங்காலம் பொருட்படுத்தாமல் கடந்துபோன அல்பேனியாவைப் போல் தகுந்த நாடு ஐரோப்பாவில் வேறில்லை.

அல்பேனியாவின் வடக்கு மலைப்பகுதி மக்கள், அரசின் சட்டம் எட்டாத நூற்றாண்டுகளில், ‘கானூன்’ எனப்படும் வழக்காற்றுச் சட்டத்தின்படி வாழ்ந்தனர். பதினைந்தாம் நூற்றாண்டுச் சிற்றரசரான லேக்கே டுகாஜினியின் பெயரால் வழங்கும் இச்சட்டம் வாய்மொழியாகவே நிலவி வந்தது. அதை ஊர் ஊராகச் சென்று திரட்டிய பிரான்சிஸ்கன் துறவி ஷ்டியெஃபென் ஜெச்சோவி 1929இல் கொலையுண்டபின், 1933இல்தான் அது முழு நூலாக வெளிவந்தது. அதன் ஆணிவேர் ‘பெசா’, அதாவது உயிரைக் கொடுத்தேனும் காக்க வேண்டிய வாக்குறுதி. வீடு உரிமையாளனுக்குச் சொந்தமாவதற்கு முன்பே இறைவனுக்கும் விருந்தினனுக்கும் உரியது என்று கொள்ளும் இச்சட்டத்தின்படி, கதவைத் தட்டி வருபவனுக்கு ரொட்டியும் உப்பும் அன்பும் தரப்பட வேண்டும்; அடுப்பருகே சிறந்த இடம் அவனுடையது; அவன் தோளிலுள்ள ஆயுதத்தை வீட்டுத்தலைவன் வாங்கிச் சுவரில் மாட்டிவிடுவான். விருந்தினனின் ஆயுதத்தை வாங்குவது ஐயத்தின் அடையாளம் அன்று. அந்தக் கணத்திலிருந்து அவனைக் காக்கும் பொறுப்பு வீட்டாருடையது என்பதன் அறிவிப்பு அது. வந்தவன் தன் உறவினரைக் கொன்றவனே ஆயினும் அவனுக்கு உணவளிக்க வேண்டும். அவனை வேறொருவர் கொன்றால் பழிதீர்க்கும் கடமை விருந்தளித்தவனைச் சாரும்.

இந்த இறுதி விதியில்தான் புனிதத்தின் இருண்ட பக்கமும் அடங்கியிருக்கிறது. அல்பேனிய எழுத்தாளர் இஸ்மாயில் கதாரேயின் ‘உடைந்த ஏப்ரல்’ நாவலில், ஓர் இரவு பெரிஷா குடும்பத்தின் கதவைத் தட்டிய அந்நியன் மறுநாள் ஊரெல்லையில் சுட்டுக் கொல்லப்பட்டதால் மூண்ட பகை, தலைமுறை தலைமுறையாக இரு குடும்பத்து ஆண்களையும் கல்லறைக்கு அனுப்புகிறது. விருந்தினனைத் தெய்வத்துக்கு இணையாக்கிய அதே சட்டம் இரத்தப்பழியையும் கட்டாயமாக்கியது. ஆகவே பழைய விருந்தோம்பலைக் களங்கமற்ற பொற்காலமாகப் பாடுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

எனினும் அக்கடமை எதன்மேல் நிலைகொண்டது என்பதை அல்பேனிய வரலாறு இரு முறை காட்டியது. 1943 செப்டம்பரில் ஜெர்மானியப் படை நாட்டைக் கைப்பற்றியபோது, முஸ்லிம் குடும்பங்களும் கிறித்தவக் குடும்பங்களும் உள்ளூர் யூதர்களையும் பிற நாடுகளிலிருந்து தப்பி வந்த யூதர்களையும் மறைத்து வைத்ததால், போருக்கு முன் இருந்ததைவிடக் கூடுதலான யூதர்கள் போர் முடிவில் அங்கு உயிரோடிருந்தனர். காத்தவர்களுள் பலர் அதற்குக் காரணமாகச் சொன்னது பெசாவையே. அதன்பின் ஆட்சியைப் பிடித்த கம்யூனிஸ்ட் தலைவர் என்வர் ஹோஜா, 1967இல் பள்ளிவாசல்கள், தேவாலயங்கள், பெக்தாஷி எனும் சூஃபி நெறியாளரின் மடங்கள் என 2000க்கும் மேற்பட்ட வழிபாட்டிடங்களை மூடி, அல்பேனியாவை உலகின் முதல் நாத்திக நாடாக அறிவித்தார். அவரது ஆட்சியில் கானூனும் தடைசெய்யப்பட்டிருந்தது. அக்காலத்தில் அரசு நிறுவனத்தின் கண்காணிப்பில் குழுவாக மட்டுமே நுழைய முடிந்த அயல்நாட்டுப் பயணிகளுள் நீண்ட தலைமுடியும் தாடியும் உடையவர்கள் எல்லையிலேயே மழிக்கப்பட்டனர். வந்தவரை வந்தபடியே ஏற்பதுதான் விருந்தோம்பல் என்றால், அதற்கு நேரெதிரான காட்சி இது.

சமயத் தடை 1990இல் நீங்கிய பின்னும் வறுமை நீங்கவில்லை. அந்நிலையில், 1999இல் கொசோவோவிலிருந்து விரட்டப்பட்ட 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரை அல்பேனியா ஏற்றுக்கொண்டது. அவர்களுள் பெருந்தொகையினர் முகாம்களில் அல்லாமல் குடும்பங்களின் வீடுகளிலேயே தங்கவைக்கப்பட்டனர். ஒரே மொழி பேசும் உறவினர் என்ற பாசமும் இதில் இருந்தது உண்மையே. ஆனால் இறைமறுப்பைச் சட்டமாகக் கொண்ட கால் நூற்றாண்டுக்குப் பின்னும் அக்கடமை சாகவில்லை என்பதும் உண்மை. எனவே விருந்தோம்பலின் கட்டாயம் இறைநம்பிக்கையிலிருந்து மொழியைப் பெற்றிருக்கலாமேயன்றி, அதன் வலிமை வாசலில் நிற்பவனின் கதியற்ற நிலையிலிருந்தே பிறக்கிறது என்று முடிவு செய்ய இடமுண்டு.

இந்த முடிவின் வெளிச்சத்தில் சுற்றுலாப் பயணியின் இடமும் தெளிவாகிறது. 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 24 லட்சம் பேர் மட்டுமே வாழும் அல்பேனியாவுக்கு, அதே ஆண்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் பயணிகள் வந்தனர். வடக்கு மலைப்பகுதியிலுள்ள தெத் பள்ளத்தாக்கில் பல குடும்ப வீடுகள் இன்று விருந்தினர் விடுதிகளாகியுள்ளன. அங்கு இரத்தப்பழிக்கு இலக்கானவர்கள் ஒளிந்திருந்த, சன்னல்களுக்குப் பதில் குறுகிய துளைகளே உடைய கற்கோபுரம் இப்போது கட்டணம் பெறும் காட்சியகம். பணம் புகுந்ததால் புனிதம் கெட்டுவிட்டது என்போர், கானூன் கருதிய விருந்தினன் யார் என்பதை மறந்துவிடுகின்றனர். பனியிலும் இருளிலும் உயிரைத் தவிர வேறேதும் கையில் இல்லாமல் நின்றவன் அவன். கடவுச்சீட்டும் வங்கி அட்டையும் பயணக் காப்பீடும் உடையவனோ திரும்பிப்போக வழி உள்ளவன். பின்னவனிடம் நியாயமான வாடகை பெறுவதால் எந்த அறமும் குறைவதில்லை. வசதியுள்ளவன் விருந்தோம்பலின் பெயரால் ஏழைக் குடும்பத்தின் உழைப்பை இலவசமாகவோ அடிமாட்டு விலைக்கோ பெறுவதே அறக்கேடு.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. கதாரேயின் அதே நாவலில் தேனிலவுக்காக மலைநாட்டுக்கு வரும் டிரானா நகரத்து எழுத்தாளன், பிறர் சாவைக் கம்பீரமான காட்சியாகக் கண்டு வியக்கிறான். அவனை அங்குள்ள மருத்துவன் ஒருவன் கடிந்துகொள்கிறான். கட்டணம் பார்க்கும் உரிமையைத் தருகிறது, பொறுப்பிலிருந்து விடுதலை தருவதில்லை. கானூனில் விருந்தினனுக்கும் கட்டுப்பாடு உண்டு. ஒரு வீட்டின் காவலில் இருந்துகொண்டு அவன் செய்யும் தீங்கு அந்த வீட்டையே சாரும் என்பதால், அடக்கம் அவனது கடமையாயிற்று.

ஆகவே அல்பேனியாவுக்குச் செல்பவர் கேட்ட விலையைக் கொடுத்து, துயரம் நிகழ்ந்த இடங்களில் அடக்கத்தோடு நடந்து, தாம் பெற்றது நல்ல சேவை என்பதை ஒப்புக்கொண்டால் போதும். விருந்தோம்பல் என்ற உயரிய பெயரை, விலை கொடுக்க இயலாமல் வாசலில் நிற்பவருக்காக அவர் ஒதுக்கிவைக்க வேண்டும்.