சுகமாகத் தூங்கினேன்

பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயம்புத்தூர் எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் தமிழ் பேசும் குடும்பங்கள் மிகுதி. 2024 ஆகஸ்டு மாதத்தில் அங்குள்ள அன்பர் ஒருவரின் இல்லத்தில் ஓரிரவு தங்க நேர்ந்தது. மழை விடாது பெய்துகொண்டிருந்தது. நள்ளிரவு கடந்து வெகுநேரம் ஆகியிருக்கும். அடுத்த அறையிலிருந்து ஓர் ஓலம் எழுந்தது. வாய் திறந்து அலறிய குரல் அல்ல அது. தொண்டைக்குள்ளேயே நெரிபட்டு வெளிவர வழியின்றித் தவிக்கும் குரல். எழுந்து ஓடினேன். அந்த வீட்டு அம்மையாரின் தந்தை, எழுபது வயதைக் கடந்தவர், கட்டிலில் மல்லாந்து கிடந்தார். கண்கள் திறந்திருந்தன, கை கால் அசையவில்லை. பதறிப்போய் அவருடைய தோளைப் பிடித்துக் குலுக்கப் போனேன். விளக்குடன் வந்த பேத்தி, "வேண்டாம் சாமி, பேர் சொல்லிக் கூப்பிட்டா போதும்" என்று தடுத்தாள். இரண்டு மூன்று முறை மெதுவாக "தாத்தா" என்றழைத்தாள். நீண்ட பெருமூச்சு ஒன்று வந்தது. அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"வெறும் கனவுதான் ஐயா, பயப்படாதீர்கள்" என்றேன்.

"கனவுன்னா முழிச்சதும் போயிடணுமே சாமி" என்றார் அவர். அதற்குமேல் எதுவும் பேசவில்லை.

நான் தத்துவம் படித்தவன். வேதாந்த நூல்களை மொழிபெயர்ப்பதை அன்றாடப் பணியாகக் கொண்டவன். விழிப்பால் மறுக்கப்படுவது கனவு, அதனால்தான் அது பொய் என்பதைப் பலமுறை எழுதியிருக்கிறேன். அந்த இலக்கணத்தையே எடுத்துக் காட்டி, தம்முடைய அனுபவம் அதற்குள் அடங்கவில்லை என்று ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளி சொல்லிவிட்டார். அதன்பின் எனக்கு உறக்கம் வரவில்லை.

காலையில் திண்ணையில் அமர்ந்து அவரே சொன்னார். மூணாறுப் பகுதித் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய தங்கையின் குடும்பம் இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் லயத்தில் இருந்தது. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, பெருமழையில் மலைச்சரிவு பெயர்ந்து வந்து அங்கிருந்த லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்களும் அவர்களுடைய பிள்ளைகளுமே. கயத்தாறுப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறிய குடும்பங்கள் அவற்றில் பல. இரவில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. வெளியுலகத்துக்குச் செய்தி எட்டியபோது மறுநாள் பொழுது விடிந்திருந்தது. மண்ணைத் தோண்டுவதும் ஆற்றோரம் தேடுவதும் நாள் கணக்கில் நீண்டன. சிலருடைய உடல்கள் கிடைக்கவே இல்லை.

"அன்னைக்கு ராத்திரி நான் சுகமாத் தூங்கினேன் சாமி. ஒண்ணுமே தெரியல" என்றார் பெரியவர். "வெளியில மழை. கம்பளிக்குள்ள நல்ல தூக்கம். அந்த நேரத்துலதான் அங்க..."

வேதாந்தம் பயில்பவர்களுக்கு இந்தச் சொற்கள் மிகவும் பழக்கமானவை. ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழுந்தவன், 'சுகமாகத் தூங்கினேன், ஒன்றும் அறியவில்லை' என்று நினைவுகூர்கிறான். மனம் ஒடுங்கிய நிலையிலும் ஆனந்தமும் அதைக் கண்டுகொண்டிருந்த சாட்சியும் இருந்தன என்பதற்கு நம் ஆசாரியர்கள் காட்டும் சான்று இது. பாடம் நடத்தும்போது நானும் இந்த வாக்கியத்தை மகிழ்ச்சியோடு விளக்கியிருக்கிறேன். அதே வாக்கியம் ஒரு மனிதரின் வாயிலிருந்து குற்ற ஒப்புதலாக வெளிப்படும் என்று ஒருபோதும் நினைத்ததில்லை.

அவருடைய கனவு எப்போதும் ஒன்றுதான். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். எழ முயல்கிறார், முடியவில்லை. நெஞ்சின்மீது பெரும் பாரம் அழுத்துகிறது. குரல் கொடுக்கிறார், எழும்பவில்லை. ஓராண்டுக்கு மேல் விட்டிருந்த இந்தத் தொல்லை, 2024 ஜூலை 30-ஆம் நாள் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகள் நள்ளிரவுக்குப் பின் மண்ணுள் புதைந்த செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து திரும்பிவிட்டதாம்.

இதை நம் மக்கள் 'அமுக்குவான் பேய்' என்பார்கள். ஜப்பானியர் 'கனாஷிபாரி' என்று வேறு பெயரில் வழங்குகிறார்கள். கனவு மிகுதியாகத் தோன்றும் உறக்கக் கட்டத்தில் இமைகளுக்குள் விழிகள் விரைந்து அசைகின்றன என்று 1953-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்து எழுதினர். அந்தக் கட்டத்தில் கை கால் தசைகளின் இயக்கத்தை மூளையே தடுத்து வைக்கிறது. கனவில் ஓடுபவன் கட்டிலைவிட்டு எழுந்து ஓடாமல் இருப்பது இதனால்தான். சில வேளைகளில் அறிவு முதலில் விழித்துக்கொள்கிறது; உடலின் கட்டு அவிழச் சற்றுத் தாமதமாகிறது. அந்தச் சில விநாடிகள், மிஞ்சினால் சில நிமிடங்கள், நெஞ்சில் பாரமும் அறையில் யாரோ நிற்பது போன்ற உணர்வும் தோன்றுகின்றன. பொதுவாக இதனால் உயிருக்கு ஆபத்தில்லை. தூக்கம் கெடுதல், மனக்கவலை, மல்லாந்து படுத்தல் ஆகியவை இதை மிகுவிக்கும்.

இந்த விளக்கத்தை அறிவியல் ஆர்வத்துக்காக மட்டும் இங்கே தரவில்லை. 'செத்துப்போனவங்கதான் வந்து அமுக்குறாங்க' என்று அக்கம்பக்கத்தில் யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். பேய் என்று சொல்பவர் எத்தனை எளிதாக, மாண்டுபோன ஒரு தங்கையைத் தன் அண்ணனின் பகைவியாக்கிவிடுகிறார்! உடலின் இயல்பை விளக்கியபோது அவர் முதலில் கேட்ட கேள்வி, "அப்ப அது அவ இல்லையா?" என்பதுதான். இல்லை என்றேன். அவருடைய முகத்தில் சற்றுத் தெளிவு வந்தது. அடிக்கடி வரும் கொடுங்கனவுகளுக்கு மருத்துவம் உண்டு, மனநல மருத்துவரைப் பார்ப்பது இழிவல்ல என்றும் குடும்பத்தாரிடம் சொன்னேன்.

ஆனால் தூங்கியது குற்றமா என்ற வினா அப்படியே நின்றது.

பிருகதாரண்யக உபநிஷதத்தில் யாக்ஞவல்க்யர் ஜனகருக்கு உறக்கத்தைப் பற்றிச் சொல்லும் பகுதி வியப்பூட்டுவது. உறங்குபவனைத் திடீரென எழுப்பலாகாது என்று சொல்லப்படுவதை அது குறிப்பிடுகிறது. அந்தப் பேத்தி அதைப் படித்தவள் அல்ல. விழிப்பில் கண்ட அச்சங்களையே மனிதன் கனவில், யானை துரத்துவதாகவும் குழியில் விழுவதாகவும், அறியாமையால் மெய்யென்று கொள்கிறான் என்கிறது. பின் இவை எல்லாம் அற்ற ஆழ்ந்த உறக்கத்தைப் பேசுகிறது. அங்கே தந்தை தந்தையல்ல, தாய் தாயல்ல, திருடன் திருடனல்ல. புண்ணியமும் பாவமும் அங்கே தொடர்வதில்லை.

இதைக்காட்டிலும் தெளிவான விடை வேண்டுமா? அறியாத ஒன்றுக்கு, அறிய வழியே இல்லாத நிலையில், ஒருவன் பொறுப்பாக மாட்டான். அன்று அவர் விழித்திருந்தாலும் இருட்டும் மழையும் கடந்து அங்கே போய்ச் சேர்ந்திருக்க இயலாது. மாலையில் இதை எளிய சொற்களில் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், "தூக்கத்துல அண்ணன் அண்ணன் இல்லைங்கிறீங்க. அதுதானே சாமி என் கஷ்டமே?" என்றார்.

நான் விடையாக நினைத்தது அவருக்கு வினாவாகவே இருந்தது. அவர் தம்மைக் குற்றவாளி என்று வாதிடவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. தங்கைக்காகச் செய்ய ஒன்றும் மிச்சமில்லாத நிலையில், அண்ணனாக இருக்க அவருக்குக் கிடைத்த ஒரே வழி அந்தக் குற்ற உணர்வுதான். தத்துவத்தைக் கொண்டு அதைப் பிடுங்க முயன்றது என் அவசரம்.

இதற்கு ஆசாரியரைக் குறை சொல்வதற்கில்லை. பெரியாற்றின் கரையில், காலடியில் தோன்றியவர் சங்கரர். இடுக்கி மலைகளின் மழைநீர்தான் அங்கே ஆறாக ஓடுகிறது. பிரம்ம சூத்திர பாஷ்யத்தில் அவர் ஒரு நுட்பம் சொல்கிறார். கனவில் பாம்பு கடித்தது பொய். ஆனால் கடித்ததாக உண்டான அறிவு பொய்யன்று, விழித்தபின்னும் அது மறுக்கப்படுவதில்லை. 'கனவு கண்டேன்' என்று எழுந்தவன் சொல்வது அதனால்தானே? ஆக, அனுபவித்தவனின் அச்சம் நடக்கவே இல்லை என்று வேதாந்தம் எங்கும் சொல்லவில்லை. 'உலகமே கனவு' என்னும் சொல், ஒருவன் தன் துன்பத்தைத் தானே ஆராயும்போது பயன்படும் கருவி. அதை அடுத்தவரின் கட்டிலருகே நின்று சொல்லும் உரிமை நமக்கு யார் தந்தது? அன்றிரவு நான் 'வெறும்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன். அந்தச் சொல் அங்கே தேவைப்படவில்லை.

2025 ஜூனில் மீண்டும் அந்த வீட்டில் தங்கினேன். மருத்துவரிடம் போய் வந்திருந்தார்கள். தொல்லை குறைந்திருந்தது, அடியோடு நீங்கவில்லை. அன்றும் மழை. நெரிபட்ட அந்தக் குரல் கேட்டது. விளக்கைப் போட்டு, கட்டிலருகே தரையில் அமர்ந்து, "ஐயா, நான் இருக்கிறேன்" என்று இரண்டு முறை சொன்னேன். சற்று நேரத்தில் கை அசைந்தது.

"மணி என்ன சாமி?"

"மூன்றேகால்."

"மழை?"

"குறைந்திருக்கிறது."

அவர் எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டார். தங்கைக்குச் சிறு வயதில் இடியென்றால் பயம் என்றும், தம்முடைய கம்பளிக்குள் வந்து ஒளிந்துகொள்வாள் என்றும் சொல்லத் தொடங்கினார். பேத்தி எழுந்து மூவருக்கும் கட்டன் சாயா போட்டாள். விடியும்வரை அவர் பேசிக்கொண்டிருந்தார்.