மூத்த கடன் எது?

அப்பன் வாங்கின கடனுக்கு மகன் பண்ணையில் மாடா உழைக்கணும். இதுதான் சேரி கண்ட கடன் நியாயம். 1976இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அதைச் செல்லாது என்றது. சரி, நகரமே கடன் வாங்கினால்?

மதுரை மாநகராட்சி 2001இல் ரிங் ரோட்டுக் கடனை அடைக்க 30 கோடி ரூபாய்க்குக் கடன்பத்திரம் விற்றது. சுங்க வசூலில் அடைப்பதாக ஏற்பாடு. வண்டி ஓட்டுகிறவன் கட்டட்டும், நியாயம்தான். ஆனால் குடிநீருக்கும் சாக்கடைக்கும் வாங்குகிற கடன் வரியாக எல்லார் தலையிலும் விடியும். வீட்டுக்காரர்கள் ‘வரி கூடும்’ என்று எதிர்ப்பார்கள். குடிசையில் வாடகைக்கு இருக்கிறவனும் அந்த வரியை வாடகைக்குள்ளே கட்டுறான். அவன்கிட்ட யார் கேட்டா?

கடனே கூடாது என்பதல்ல நம் பேச்சு. கேட்காமல் வாங்கிய கடன், பயன் வந்து சேராத கடன் யாரைக் கட்டுப்படுத்தும்? மலக்குழிக்குள் பாதுகாப்பின்றி மனிதனை இறக்குவதை 2013 சட்டம் தடுத்தது, சாவு நிற்கவில்லை. நகரத்தின் பீயைச் சுமந்தவர்களுக்கு நகரம் பட்ட கடன் எந்தப் பத்திரத்திலும் ஏறவில்லை. பத்திரக்காரனுக்குத் தவணை நாள் உண்டு; இவர்களுக்கு எந்த நாள்? அடைக்க வேண்டிய மூத்த கடன் இதுதான்.

1925இல் மாகாண நிதி பற்றி நூல் தந்தவர் அம்பேத்கர். கணக்கு நமக்கு எட்டாததில்லை. கையெழுத்துப் போடுமுன் கணக்கைச் சேரியில் விரிக்கச் சொல்வோம்.