ஆட்டம் யாருடையது?

மனிதர் ஒருவருக்கொருவர் அளிக்கும் வாக்குகளுள் எழுத்தில் வடிக்கப்படாதவையே மிகுதி. "நாளை வருகிறேன்" என்று உறவினர் கூறினால், அவருக்கென ஒரு பிடி அரிசி கூடுதலாக உலையில் விழுகிறது. அவர் வராதுபோனால் எவரும் வழக்கு மன்றம் ஏறுவதில்லை. ஆயினும் ஏதோ ஒன்று முறிந்துவிட்டது என்பதை வீட்டார் உணர்வர். ஒரு சொல்லை நம்பி மற்றொருவர் தம் காலத்தையும் பொருளையும் செலவிட்டபின், அச்சொல் சொன்னவருக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. நம்பியவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டாகிவிடுகிறது.

காற்பந்தாட்ட அட்டவணையும் இத்தகைய ஒரு வாக்கே. இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியில் இருபது குழுக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 38 ஆட்டங்கள் ஆட, மொத்தம் 380 ஆட்டங்கள் நடைபெறுகின்றன. இவற்றின் அட்டவணை வழக்கமாகக் கோடையிலேயே வெளியாகிறது. அதைக் கண்டதும் பல்லாயிரவர் தம் ஓராண்டு வாழ்வை அதற்கேற்ப ஒழுங்கு செய்துகொள்கின்றனர். விடுப்புக் கேட்கின்றனர், புகைவண்டிக்கு முன்பதிவு செய்கின்றனர், தங்கை திருமணத்துக்கும் தகுந்த நாள் பார்த்துச் சொல்கின்றனர். வெளியூர் இரசிகருக்கான நுழைவுச் சீட்டின் விலை 2016-ஆம் ஆண்டு முதல் 30 பவுண்டுக்கு மேற்படலாகாது என வரையறுக்கப்பட்டது. ஆனால் பயணத்துக்கு அத்தகைய வரையறை எதுவும் இல்லை. பல வேளைகளில் சீட்டினும் வழிச்செலவே பெரிது.

நோய் வந்து இவ்வொழுங்கைக் குலைத்தபோது ஓர் அறக்கேள்வி எழுந்தது. எவருடைய குற்றமும் இன்றி ஒரு வாக்கு முறியுமாயின், அதன் சுமையை யார் ஏற்பது? சுமந்தவர்க்குச் செலுத்த வேண்டிய கடன் ஏதேனும் உண்டா?

முதலில் ஒன்றை ஐயமின்றிச் சொல்லிவிட வேண்டும். உயிரினும் ஆட்டம் பெரிதன்று. 2020 பிப்ரவரி 19-ஆம் நாள் இத்தாலியின் அத்தலாந்தா குழுவும் ஸ்பெயினின் வலென்சியா குழுவும் மிலான் நகரில் மோதின. அத்தலாந்தாவின் சொந்த ஊராகிய பெர்காமோவிலிருந்து ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் அந்நகருக்குப் பயணம் செய்தனர். ஊர் வரலாற்றிலேயே பெரியதோர் ஆட்டமெனக் கருதிக் குடும்பம் குடும்பமாகச் சென்றனர். சில வாரங்களில் பெர்காமோ, ஐரோப்பாவில் நோயால் மிகக் கொடிதாகத் தாக்குண்ட ஊர்களுள் ஒன்றாயிற்று. அந்த ஆட்டம் நோய்ப் பரவலை விரைவுபடுத்தியிருக்கும் என மருத்துவர் பலர் பின்னர்க் கூறினர். அன்று மகிழ்ந்து ஆடிப்பாடியவர் எவரும் தீங்கு நினைத்தவரல்லர். அறியாமையில் நிகழ்ந்த துயரம் அது.

ஆனால் மார்ச் 11-ஆம் நாளை அவ்வளவு எளிதில் அறியாமையின் கணக்கில் எழுதிவிட முடியாது. உலகச் சுகாதார நிறுவனம் கோவிட்-19 நோயைப் பெருந்தொற்றென அறிவித்த அதே நாளில், லிவர்பூல் நகரில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் ஓர் ஆட்டம் நடைபெற்றது. எதிர்த்தாடிய அத்லெத்திகோ குழுவுக்கு ஆதரவாக மத்ரீத் நகரிலிருந்து ஏறத்தாழ மூவாயிரவர் வந்திருந்தனர். தம் சொந்த நாட்டில் அரங்கக் கதவுகள் அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தன. அயல்நாட்டில் அவை திறந்திருந்தன. இரு நாள் கழித்து இங்கிலாந்திலும் ஆட்டங்கள் நிறுத்தப்பட்டன. அறிந்தபின் தாமதிப்பது அறியாமையைப் போன்றதன்று. இவ்விரு நிகழ்ச்சிகளையும் எண்ணிப் பார்ப்பவர், ஆட்டங்களை நிறுத்தியது தவறென்று கூறமாட்டார். விரைந்து நிறுத்தவில்லையே என்றுதான் வருந்துவார்.

முடியாததைச் செய்ய எவரும் கடமைப்பட்டவரல்லர் என்பது பழைய உரோமச் சட்ட மரபின் கொள்கை. அக்கொள்கைப்படி ஆட்டக் கழகங்கள் வாக்குப் பிறழ்ந்தனவாகா. எனினும் ஒன்று கருதத்தக்கது. முடியாமை வாக்கை மட்டுமே அழிக்கும்; வாக்கினால் விளைந்த உறவை அழிக்காது. வெள்ளத்தால் விருந்து நின்றுபோனாலும், வரவிருந்த விருந்தினருக்குச் சொல்லி அனுப்பும் கடமை வீட்டாருக்கு உண்டு. அவர் பாதி வழியில் நனைந்து நின்றால் இடமளிக்கும் கடமையும் உண்டு. ஆட்டம் தடைப்பட்டது எவர் குற்றமும் அன்று. தடைப்பட்டபின் பார்வையாளரை எவ்வாறு நடத்தினர் என்பதே அறத்தின்பாற்பட்ட வினா.

அதற்கு வெவ்வேறு நாடுகள் வெவ்வேறு விடைகள் கண்டன. நெதர்லாந்து 2020 ஏப்ரலில் பருவத்தை முடித்துக்கொண்டு, எவருக்கும் வாகைப் பட்டம் இல்லை என்றது. பிரான்ஸ் அதே மாத இறுதியில் ஆட்டங்களை நிறுத்தி, ஆடிய ஆட்டங்களின் சராசரியைக் கொண்டு வாகையரை முடிவு செய்தது. ஜெர்மனி மே 16-ஆம் நாள் பார்வையாளரின்றி ஆட்டங்களைத் தொடர்ந்தது. இங்கிலாந்தின் முதல்நிலைக் குழுக்கள் ஜூன் 17-ஆம் நாள் வெற்றரங்குகளில் மீண்டும் ஆடின. ஆனால் அதே நாட்டின் மூன்றாம், நான்காம் நிலைக் குழுக்கள் எஞ்சிய சுற்றுகளைக் கைவிட்டன. காரணம் வெளிப்படை. சிறிய குழுக்கள் வாயிலில் செலுத்தப்படும் கட்டணத்தை நம்பி வாழ்பவை. பெரிய குழுக்களுக்கோ ஒளிபரப்பு உரிமையால் வரும் பணமே பெருவருவாய். மக்களை நம்பி வாழ்ந்த குழுக்கள் மக்கள் இன்றி நின்றன. படக்கருவியை நம்பி வாழ்ந்த குழுக்கள் படக்கருவியின் முன் ஆடின.

வெற்றரங்கில் ஆடப்பட்ட ஆட்டமும் விதிப்படி முழுமையான ஆட்டமே. பந்து வலையில் புகுந்தால் கோல்தான். ஆனால் தொலைக்காட்சி நிலையங்கள் பழைய ஆரவார ஒலியைப் பதிவிலிருந்து எடுத்துக் கலந்து ஒலிபரப்பின. இல்லாத கூட்டத்தை ஒலியாலாவது இருத்த வேண்டிய தேவை ஏன் ஏற்பட்டது? பார்வையாளர் கடைக்கு வரும் வாடிக்கையாளர் மட்டுமே என்றால் அவரின்றி ஆடுவதில் குறை தோன்றக் கூடாது. குறை தோன்றியதெனின், அவர் ஆட்டத்தை வாங்குபவர் மட்டுமல்லர், ஆக்குபவரும் ஆவார் என்பதே பொருள். நாடகத்துக்கு அவை எப்படியோ, ஆட்டத்துக்கு அரங்கம் அப்படி.

இவ்வுண்மை இரசிகருக்கு உரிமையை மட்டும் தருவதன்று. கடமையையும் உடன் தருகிறது. ஆட்டத்தில் பங்கு கேட்பவர் அதன் பொறுப்பிலும் பங்கேற்க வேண்டும். 2020 ஜூன் 25-ஆம் நாள் இரவு, முப்பது ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் லிவர்பூல் குழு வாகை சூடியது உறுதியாயிற்று. ஒன்றுகூட வேண்டாம் என்ற அறிவுரை இருந்தும் ஆயிரக்கணக்கானோர் அரங்கத்தின் வெளியே திரண்டனர். மறுநாளும் நகரின் துறைமுக முகப்பில் பெருங்கூட்டம் கூடியது. முப்பது ஆண்டுகள் காத்திருந்தவரின் மகிழ்ச்சியைப் பழிப்பது எளிதன்று. ஆயினும் அதே முப்பது ஆண்டுகள் காத்திருந்து, அன்றிரவு கதவை அடைத்துக்கொண்டு வீட்டிலிருந்தவரும் அந்நகரில் இருந்தனர். அவர்களைப் பற்றிச் செய்தி எதுவும் எழுதப்படவில்லை. வீட்டிலிருப்பது செய்தியாவதில்லை. அன்பு என்பது எப்போதும் சென்று நிற்பது மட்டுமன்று. செல்லாதிருக்கும் ஆற்றலும் அன்பின் இலக்கணமே என்பதை அவர்கள் காட்டினர்.

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அரங்குகள் மீண்டும் நிறைந்தன. ஆனால் டிசம்பரில் நோயின் புதிய வகை பரவியதும் ஆட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒத்திவைக்கப்பட்டன. சில ஆட்டங்கள் தொடங்கச் சில மணி நேரமே இருக்கையில் அறிவிப்பு வந்தது. அந்நேரத்தில் வெளியூர் இரசிகர் வீட்டில் இருப்பதில்லை. அவர் நெடுஞ்சாலையில் பேருந்தில் இருக்கிறார்; அல்லது அயலூர்ப் புகைவண்டி நிலையத்தில் குளிரில் நிற்கிறார். நுழைவுச் சீட்டு வேறொரு நாளுக்குச் செல்லுபடியாகும். வழிச்செலவும் விடுப்பு நாளும் திரும்பி வருவதில்லை. மாற்று ஆட்டமோ பெரும்பாலும் வாரத்தின் நடுவில், வேலை நாளின் இரவில் அமைகிறது.

நோய் காலையில்தான் தெரிந்தது, அதனால் காலையில்தான் அறிவிக்க முடிந்தது என்று கழகத்தார் கூறலாம். பல இடங்களில் அது மெய்யே. ஆயினும் ஐயம் எழுந்த பொழுதே அந்த ஐயத்தைச் சொல்லியிருக்கலாம். "ஆட்டம் நடவாமற் போகலாம், புறப்படுமுன் எண்ணிப் பாருங்கள்" என்று முதல் நாளே ஓர் அறிவிப்பு வந்திருந்தால், முடிவெடுக்கும் உரிமை இரசிகரின் கையில் இருந்திருக்கும். வள்ளுவர் வாய்மைக்கு இலக்கணம் வகுக்கையில், நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு உரைப்பதை மட்டும் அளவாகக் கொள்ளவில்லை. பிறர்க்குத் தீமை விளையாமையையே அளவாகக் கொண்டார். உரிய காலம் கடந்தபின் கூறப்படும் உண்மை, பொய்யன்று எனினும், வாய்மையின் முழு நிறைவை எட்டுவதில்லை.

இதனினும் நுட்பமானதொரு கேள்வி 2022 ஜனவரியில் எழுந்தது. ஒரு குழுவில் பதின்மூன்று ஆட்டக்காரரும் ஒரு கோல் காவலரும் இருந்தால் அக்குழு ஆட வேண்டும் என்பது அன்றைய விதி. அம்மாதம் 16-ஆம் நாள் நடைபெறவிருந்த ஆர்சனல், டோட்டன்ஹாம் குழுக்களின் ஆட்டம் முதல் நாள் ஒத்திவைக்கப்பட்டது. நோயுற்றோருடன் காயமுற்றோர், தடை பெற்றோர், ஆப்பிரிக்கக் கிண்ணப் போட்டிக்குச் சென்றோர் ஆகியோரும் குறைந்த எண்ணிக்கையில் சேர்த்துக் கணக்கிடப்பட்டனர். விதி மீறப்படவில்லை. ஆனால் நோய்க்கென வகுத்த விலக்கு நோயல்லாதவற்றுக்கும் குடையாயிற்று என்று பலர் குறை கூறினர். பிப்ரவரி முதல் குறைந்தது நால்வருக்கேனும் நோய் உறுதியாயிருக்க வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. இன்றியமையாமை வேறு, வசதி வேறு. முன்னதன் பெயரால் பின்னதைப் பெறுவது சட்டத்தில் குற்றமாகாமல் இருக்கலாம். அறத்தில் அது கடனாகவே நிற்கும்.

வசதி யாருடையது என்ற வினாவுக்கு 2021-ஆம் ஆண்டின் ஐரோப்பிய வாகையர் இறுதியாட்டம் சிறந்த சான்று. செல்சி, மான்செஸ்டர் சிட்டி ஆகிய இரு ஆங்கிலக் குழுக்கள் இஸ்தான்புல் நகரில் மோதவிருந்தன. துருக்கிப் பயணத்துக்கு இங்கிலாந்து கடுங்கட்டுப்பாடு விதித்ததும், ஆட்டத்தை இலண்டனுக்கு மாற்றலாமா எனப் பேசப்பட்டது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியவர்களுக்குத் தனிமைப்படுத்தலிலிருந்து போதிய விலக்குக் கிட்டவில்லை. ஆட்டம் போர்ச்சுகலின் போர்த்தோ நகருக்கு மாறியது. இரு குழுக்களுக்கும் ஆறாயிரம் சீட்டுகள் வீதம் ஒதுக்கப்பட்டன. மே 29-ஆம் நாள் ஆட்டத்துக்கு ஏறத்தாழ இரண்டு வாரமே எஞ்சியிருந்தது. ஒரே நாட்டின் இரு குழுக்கள் மோதுவதைக் காண, அந்நாட்டு மக்கள் நோய்க்காலத்தில் கடல் கடந்து பறக்க வேண்டியதாயிற்று. எவருடைய நலம் முதலிலும் எவருடைய நலம் ஈற்றிலும் எண்ணப்பட்டது என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

இம்மண்டலமும் இச்சோதனைக்கு விலக்கானதன்று. மலேசியாவில் 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. நின்றுபோன மலேசியச் சூப்பர் லீக் ஆகஸ்டில் ஒரே சுற்றாகச் சுருக்கி ஆடப்பட்டது. தென்கிழக்காசியக் கிண்ணப் போட்டி 2018-இல் உள்ளூர், வெளியூர் முறையில் நடந்தது. புக்கிட் ஜாலில் அரங்கம் இறுதியாட்டத்தின் முதற்கட்டத்தில் நிரம்பி வழிந்தது. அடுத்த போட்டியோ ஒத்திவைக்கப்பட்டு, 2021 டிசம்பரில் தொடங்கி முழுவதும் சிங்கப்பூரிலேயே நடந்தது. தாய்லாந்தும் இந்தோனேசியாவும் இறுதியில் மோதியபோது இரண்டுக்கும் அது சொந்தத் திடலன்று.

"ஊரெங்கும் சாவு, இதில் ஆட்டம் பார்க்கச் சென்றவரின் பேருந்துக் கட்டணம் ஒரு பொருட்டா?" என்று சிலர் வினவுவர். வினா நேர்மையானதே. மருத்துவமனையில் மூச்சுக்குப் போராடியவரின் துன்பத்தோடு இதனை ஒப்பிட எவரும் துணியார். ஆனால் பெருந்துயரம் நேர்ந்த காலத்தில் சிறு நீதிகளைத் தள்ளிவைக்கலாம் என்பது ஆபத்தான கொள்கை. அவ்வாறு தள்ளிவைக்கப்படுபவை பெரும்பாலும் எளியோருக்குரிய நீதிகளாகவே இருக்கின்றன. ஒளிபரப்பு ஒப்பந்தக்காரரின் இழப்பைக் கணக்கிட்டுப் பேச்சு நடத்த நேரம் இருந்தபோது, விடுப்பெடுத்து வந்த தொழிலாளியின் இழப்பைக் கணக்கிட நேரமில்லை என்பது பொருந்துமா?

வேறு சிலர், ஆட்ட நாள் மாறலாம் என்று சீட்டிலேயே அச்சிட்டிருக்கிறது, அறிந்துதானே வாங்கினார் என்பர். அச்சிட்ட விதி வழக்கைத் தடுக்கும், மனச்சான்றைத் தடுக்காது. உழவன் மழை பொய்க்கலாம் என்று அறிந்தேதான் விதைக்கிறான். அதனால் மழை பொய்த்த ஆண்டில் அவன் பசியைப் பற்றி எவரும் கவலை கொள்ள வேண்டியதில்லை என்று ஆகிவிடாது.

நோய் போன்ற இடர்கள் இனியும் வரலாம். அப்போது ஆட்டங்கள் நிற்கவே வேண்டும். நிற்கும் என்பதை இரசிகரும் முணுமுணுப்பின்றி ஏற்க வேண்டும். ஆனால் சுமையைப் பகிர்வதில் ஆற்றல் மிக்கோர் முதலில் தோள் கொடுப்பதும், தெரிந்ததைத் தெரிந்த பொழுதே சொல்வதும் கழகங்களின் கடன். ஆட்டம் முதலாளிக்கு உரியதா, ஆட்டக்காரருக்கு உரியதா, பார்வையாளருக்கு உரியதா என்ற வினாவுக்குத் தனியொருவரைச் சுட்டி விடை கூற இயலாது. அது ஒருவரையொருவர் நம்பியவர் அனைவருக்கும் பொது. பொதுப்பொருளைக் காப்பதில் எவர் தம் பங்கை மறக்கிறாரோ, அவரே அதன்மீது தமக்குள்ள உரிமையையும் இழக்கிறார்.