பழி யார்மேல்?



எங்கோ ஓர் ஆகாய விமானம் விழுந்துவிட்டது என்று செய்தி வருகிறது. "எத்தனை பேர் இறந்தார்கள்?" என்று முதலில் கேட்கிறோம். மறு மூச்சில், "யார் செய்த தவறு?" என்கிறோம். இந்த இரண்டாம் கேள்விக்கு விடை சொல்ல நமக்கு அதிக நேரம் பிடிப்பதில்லை. 2025 ஜூன் 12-ஆம் நாள் அகமதாபாத்தில் விமானம் விழுந்து 260 பேர் மாண்டார்கள். விசாரணை முடிவதற்கு வெகு முன்னரே, விமானிகள் இருவரைப் பற்றியும் திண்ணைகளில் தீர்ப்புகள் கூறப்பட்டுவிட்டன. இறந்தவன் எழுந்து வந்து மறுப்புச் சொல்லப் போவதில்லை. ஆகவே அவன்மேல் பழி போடுவது சுலபம். சுலபமானது நியாயமானதாகுமா?

அகமதாபாத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையில்லை. முழுதும் விசாரிக்கப்பட்டு முடிந்த பழைய சங்கதி ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

பயணிகளை ஏற்றிச் சென்ற உலகின் முதல் ஜெட் விமானம் காமெட். இங்கிலாந்தில் டி ஹாவிலண்ட் கம்பெனியார் கட்டியது. 1952 மே 2-ஆம் நாள் லண்டனிலிருந்து ஜோகானஸ்பர்க்குக்கு முதல் பயணம் தொடங்கியது. அதே ஆண்டில் கொழும்புக்கும் வரத் தொடங்கிற்று. விசிறி இல்லை, அதிர்ச்சி இல்லை, மேகங்களுக்கு மேலே வழுக்கிச் செல்லும் பயணம். உலகமே வியந்தது.

ஆறு மாதம் ஆகுமுன், 1952 அக்டோபர் 26 இரவு, ரோமாபுரியின் சாம்பினோ நிலையத்தில் ஒரு காமெட் ஓடுபாதையில் ஓடியும் எழும்பவில்லை. விமானி விசையை அடைத்தார். விமானம் ஓடுபாதையின் எல்லையைத் தாண்டிப் போய் உடைந்து நின்றது. உயிர்ச்சேதம் இல்லை. விசாரித்தவர்கள் விமானத்தின் மூக்கை விமானி அளவுக்கு மீறி உயர்த்திவிட்டார் என்று கூறி, அவர்மேல் குற்றம் தீர்த்தார்கள். அவரைச் சரக்கு விமானம் ஓட்டும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

மூக்கை உயர்த்தினார் என்பது மெய்யே. ஆனால் பழைய விசிறி விமானங்களில், விசிறி தள்ளும் காற்று இறக்கைமேல் பாய்ந்து தூக்கிவிட உதவும். ஜெட்டில் அந்தக் காற்று இல்லை. காமெட்டின் இறக்கையோ, மூக்கு சற்று அதிகம் உயர்ந்தால் தூக்கும் சக்தியை இழந்து, காற்றைத் தடுக்கும் பலகைபோல் ஆகிவிடும். இருட்டில், எவரும் முன்பு ஓட்டிப் பழகாத வகை விமானத்தில், அந்த நுட்பமான எல்லையை ஒரு மனிதன் எப்படி அறிவான்? இந்தக் கேள்வியை விசாரணை ஆழமாகக் கேட்கவில்லை. குற்றவாளி கிடைத்துவிட்டபடியால் காரணம் தேடுவது நின்றுபோயிற்று.

நான்கு மாதம் கழிந்தது. 1953 மார்ச் 3 விடியுமுன், கராச்சியில் இன்னொரு காமெட் அதேபோல் எழும்பாமல் போயிற்று. இம்முறை பதினொருவரும் மாண்டனர். மறுபடியும் விமானியின் பிழை என்றார்கள். ஆனால் அதன்பின் கம்பெனியார் இறக்கையின் முன்விளிம்பைத் திருத்தி அமைத்தார்கள். பிழை முழுவதும் விமானியுடையதானால், இறக்கையைத் திருத்துவானேன்? இறக்கை திருத்தப்பட்டது; ரோமாபுரி விமானிமேல் எழுதிய தீர்ப்பு திருத்தப்படவில்லை. அவரும் ஒரு வீட்டுக்கு உரியவர்தானே? "உன் தகப்பன் விமானத்தை உடைத்தவன்" என்ற பேச்சை ஒரு குடும்பம் எத்தனை காலம் சுமக்க வேண்டும்?

இன்னும் கேளுங்கள். 1953 மே 2, காமெட் சேவை தொடங்கிச் சரியாக ஓராண்டு. கல்கத்தாவின் டம்டம்மிலிருந்து டில்லிக்குக் கிளம்பிய விமானம் ஆறே நிமிடத்தில் இடிப்புயலில் சிக்கி உடைந்து விழுந்தது. 43 பேர் இறந்தனர். புயலின் வேகமாயிருக்கலாம், அல்லது விமானி கருவிகளை மிஞ்சி இழுத்ததாயிருக்கலாம் என்று எழுதினார்கள். பாருங்கள், இங்கும் விமானிக்கு ஒரு பங்கு தயாராய் இருக்கிறது!

1954 ஜனவரி 10-இல் ரோமாபுரியிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட விமானம், தெளிந்த வானத்தில், எல்பா தீவுக்கருகே கடலில் விழுந்தது. விமானத் தலைவர் வேறொரு விமானத்துடன் வானொலியில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவிலேயே குரல் அறுந்தது. 35 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. காமெட்டுகள் யாவும் நிறுத்தப்பட்டன. நெருப்பாயிருக்கலாம் என்று ஊகித்து, ஊகித்ததையெல்லாம் திருத்திவிட்டு, மார்ச் 23-இல் மீண்டும் பறக்கவிட்டார்கள். காரணம் இன்னதென்று அப்போது எவருக்கும் தெரியாது. பதினாறாம் நாள், ஏப்ரல் 8-இல், ரோமாபுரியிலிருந்து கெய்ரோவுக்குச் சென்ற காமெட் நேப்பிள்ஸுக்குத் தெற்கே கடலில் விழுந்தது. 21 பேர்.

பறக்கவிட்டவர்கள் கொடியவர்கள் அல்லர், நேர்மையாக உழைத்தவர்கள். ஆனால், "தெரியவில்லை" என்ற சொல்லைத் தாங்கமுடியாத அவசரம் அவர்களைப் பிடித்துக்கொண்டது. அந்த அவசரத்தின் விலை 21 உயிர் என்றே நான் எண்ணுகிறேன்.

காரணத்தைக் கண்டுபிடித்தது மெய்யான தேடல்தான். கடற்படையார் நீருக்கடியில் டெலிவிஷன் கருவியை இறக்கி, எல்பாவின் சிதைவுகளைத் துண்டு துண்டாய் எடுத்தார்கள். பார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு முழுக் காமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, தண்ணீரை உள்ளே ஏற்றி இறக்கி, பறக்கும்போது உண்டாகும் அழுத்தத்தை மீண்டும் மீண்டும் கொடுத்தார்கள். முன்பு பறந்த 1,221 முறையும் தொட்டியில் 1,836 முறையும் சேர்ந்து 3,057-ஆம் முறையில் உடல் கிழிந்தது. ஒரு கம்பியைப் பலமுறை இப்படியும் அப்படியும் வளைத்தால் ஒடிகிறதல்லவா? அதே களைப்புத்தான் அந்த உலோகத்துக்கும் வந்தது. ஜன்னல் போன்ற திறப்புகளின் மூலைகளில் வெடிப்புத் தோன்றிப் பரவியது. கம்பெனியார் முன்பே ஒரு பாகத்தைச் சோதித்து, 16,000 முறை தாங்குகிறது என்று நிம்மதியாய் இருந்தவர்கள். ஆனால் அந்தப் பாகத்துக்கு அதற்குமுன் மிகை அழுத்தம் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். அதுவே அதை உறுதிப்படுத்திவிட்டது என்பது அவர்களுக்குத் தெரியாது.

வாசகரே, எல்பாவின் சிதைவுகள் கடலடியிலேயே கிடந்திருந்தால்? பாதிப் பேச்சில் மாண்ட அந்த விமானத் தலைவர்மேல் இன்னொரு தீர்ப்பு எழுதப்பட்டிராது என்று யார் சொல்ல முடியும்?

"அப்படியானால் ஒருவருமே குற்றவாளி இல்லையா? எல்லாரையும் விட்டுவிடுவதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சாலையில் பஸ் கவிழ்ந்தால் கூட்டம் கூடி டிரைவரை அடிக்கிறதே, அதுவும் ஒருவகையில் நியாயத்துக்கான பசிதான். தடம் மாறிய பசி. சரியான இடத்தில் குற்றம் சாட்டத்தான் வேண்டும். அதற்கும் காமெட்டின் வமிசத்திலேயே ஓர் உதாரணம் உண்டு.

காமெட்டின் அமைப்பிலிருந்து நிம்ராட் என்ற இராணுவ விமானத்தை உண்டாக்கி, 1969 முதல் பிரிட்டிஷ் விமானப் படை ஓட்டி வந்தது. 2006 செப்டம்பர் 2-ஆம் நாள் ஆப்கானிஸ்தானில், வானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்ட ஒரு நிம்ராட் தீப்பிடித்து விழுந்து 14 பேர் இறந்தனர். கசிந்த எரிபொருள் சூடான குழாயில் பட்டதே காரணம் என்று முடிவாயிற்று. சில ஆண்டுகளுக்கு முன்புதான் அந்த வகை விமானத்தின் அபாயங்களையெல்லாம் ஆராய்ந்து, "பத்திரமானது" என்று பெரிய பத்திரம் தயாரித்திருந்தார்கள். வழக்கறிஞர் சார்லஸ் ஹாடன்-கேவ் அதை விசாரித்து 2009-இல் அறிக்கை வெளியிட்டார். குறித்துவைத்த அபாயங்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 40 தீர்க்கப்படாமலே கிடந்தன என்று அவர் கண்டார். இத்தனை ஆண்டு பறந்த விமானம்தானே என்ற எண்ணத்தில், பார்க்க வேண்டியதைப் பாராமலே கையெழுத்திட்டிருந்தார்கள். அவர் தயங்கவில்லை. பத்துப் பேரைப் பெயர் சொல்லிக் குற்றம் கூறினார்.

அந்தப் பத்துப் பேரில், விமானத்தை ஓட்டிச் சென்ற எவரும் இல்லை. மேசைமுன் உட்கார்ந்து, அறியாததை அறிந்ததாக எழுதியவர்கள் அவர்கள். ரோமாபுரி விமானியோ, தம் கையிலிருந்த விமானத்தைப் பற்றி அதைக் கட்டியவர்களே அறியாதிருந்த ஒன்றில் அகப்பட்டுக்கொண்டவர். இரண்டையும் "தவறு" என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். இந்த வாரம் உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாரையாவது பார்த்து அந்தச் சொல்லை உரைத்திருந்தால், இவ்விரண்டில் எதைக் கருதி உரைத்தீர்கள்?